சம்பளம் போட நோட்டு இல்லாத ஊர்கள்: 1923 ஜெர்மனியின் அவசரப் பணம், ஒரு நிகழ்வு ஆய்வு

என் மேசைமேல் ஒரு பழைய ஜெர்மன் நோட்டு இருக்கிறது. நாணயக் கண்காட்சி ஒன்றில் வாங்கியது, விலை ஒன்றும் பெரிதில்லை. 1922 டிசம்பர் 15 தேதியிட்ட ஆயிரம் மார்க் தாள். பழைய நூரம்பெர்க் நாணயச்சாலைத் தலைவர் ஒருவரின் படம் போட்டு, வேலைப்பாட்டோடு அச்சான தாள்தான். ஆனால் அச்சடித்த எழுத்துக்கு மேலேயே சிவப்பு மையில் இன்னொரு வரி அடித்திருக்கிறார்கள்: 'ஐனே மில்லியார்டே மார்க்'. அதாவது நூறு கோடி மார்க். ஆயிரம் மார்க் தாளை வெளியே விடுவதற்குள் ஆயிரம் மார்க்குக்கு ஒன்றும் வராது என்றாகிவிட்டதால், 1923 இலையுதிர் காலத்தில் அதே தாளின் மதிப்பைப் பத்து லட்சம் மடங்கு உயர்த்தி அடித்து வெளியே விட்டார்கள்.

இது நாட்டின் மைய வங்கியான ரைக்ஸ்பாங்க் செய்தது. நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. அதே மாதங்களில் ஜெர்மனியின் நகராட்சிகள், மாவட்டங்கள், சேமிப்பு வங்கிகள், சுரங்கங்கள், ரசாயன ஆலைகள், ரயில்வே என்று ஆளாளுக்கு அச்சடித்த உள்ளூர் பணத்தைப் பற்றி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நோட்கெல்ட்'. நம் காதில் 'நோட்டு' என்று விழுந்தாலும் ஜெர்மனில் 'நோட்' என்றால் இக்கட்டு, அவசரம், தட்டுப்பாடு. 'கெல்ட்' என்றால் பணம். 1923-ல் இப்படிப் பணம் வெளியிட்ட இடங்கள் 5,800-க்கும் மேல் என்கிறது ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின்படி, ரைக்ஸ்பாங்க் வெளியிட்ட மொத்தத் தொகை ஐந்து பங்கு என்றால் உள்ளூர் பணம் ஏழு பங்கு. மைய வங்கியைவிட ஊர்கள் அதிகம் அச்சடித்திருக்கின்றன.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழகான படங்களைக் காட்டுவார்கள், பட்டுத்துணி நோட்டைக் காட்டுவார்கள், அத்தோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு ஊர் நிர்வாகம் எதற்காகப் பணம் அச்சடிக்கும் நிலைக்கு வந்தது, கடைக்காரர் அதை எந்த நம்பிக்கையில் வாங்கினார், கடைசியில் யார் தலையில் விடிந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழப்பம் வரும். ஜெர்மன் கணக்கில் மில்லியன் என்றால் பத்து லட்சம், மில்லியார்டே என்றால் நூறு கோடி, பில்லியன் என்றால் லட்சம் கோடி. முதல் உலகப் போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.20 மார்க். 1923 ஜனவரியில் சராசரியாக 17,972 மார்க். ஜூலையில் 3.53 லட்சம். ஆகஸ்டில் 46 லட்சம். செப்டம்பரில் 9.88 கோடி. அக்டோபரில் 2,526 கோடி. நவம்பர் 20-ம் தேதி 4.2 லட்சம் கோடி, அங்கேதான் நின்றது. என் மேசைமேல் உள்ள அந்த நூறு கோடி மார்க் தாளுக்கு செப்டம்பர் சராசரியில் பத்து டாலர் வந்திருக்கும், அக்டோபர் சராசரியில் நான்கு சென்ட். நவம்பர் 20-ல் அப்படிப்பட்ட 4,200 தாள்களைக் கொடுத்தால் ஒரு டாலர்.

நோட்டு மலை, நோட்டுப் பஞ்சம்

பணவீக்கம் என்றால் பணம் அளவுக்கு மீறிப் புழங்குவது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அப்படியானால் 1923-ல் ஜெர்மனியில் எங்கு பார்த்தாலும் பணமாக இருந்திருக்க வேண்டும். தாள் மலையாகக் கிடந்தது உண்மைதான், சம்பளப் பணத்தைத் துணிக்கூடையில் வாரிக்கொண்டு போன படங்களும் உண்மைதான். ஆனால் அந்த வருடம் முழுக்க ஊராட்சித் தலைவர்களும் ஆலை முதலாளிகளும் புலம்பியது பணம் அதிகம் என்றல்ல, பணம் இல்லை என்று.

காரணம் எளிது. விலை ஏறும் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு கையில் வந்த பணத்தை யாரும் வைத்திருக்க மாட்டார்கள், உடனே பொருளாக மாற்றப் பார்ப்பார்கள். அதனால் விலை அச்சு யந்திரத்தைவிட வேகமாக ஓடும். அச்சடிப்பு பத்து மடங்கு கூடுவதற்குள் விலை இருபது மடங்கு கூடியிருக்கும். போருக்கு முன்னால் ஜெர்மனியில் நாணயமும் நோட்டுமாகப் புழங்கிய பணம் சுமார் 600 கோடி மார்க், தங்க மதிப்பில். 1923 நவம்பர் நடுவில் ரைக்ஸ்பாங்க் நோட்டு அத்தனையையும் கூட்டி அன்றைய விலையில் தங்க மார்க்காக, அதாவது போருக்கு முந்தைய மதிப்புள்ள மார்க்காக மாற்றினால் 20 கோடிக்கும் கீழே. பழைய பணத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இதை வைத்துத்தான் ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ரொட்டி வாங்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், சம்பளம் வாங்க வேண்டும்.

ரைக்ஸ்பாங்க் தலைவர் ருடால்ஃப் ஹாவன்ஸ்டைன் இந்தத் தட்டுப்பாட்டைப் பார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களையும் வேலையில் இறக்கினார். விலை ஏறுகிறது, ஆகவே வணிகத்துக்கு அதிகப் பணம் தேவை, அதைக் கொடுப்பது தன் கடமை என்பது அவர் எண்ணம். மனிதர் நேர்மையானவர், உழைப்பாளி. ஆனால் தீயை அணைக்க எண்ணெயைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இது 1923-ல் தொடங்கியதல்ல

1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது நமக்குத் தெரியும். அந்தப் போருக்கு ஜெர்மனி வரி போட்டுப் பணம் திரட்டவில்லை, பெரும்பகுதியைக் கடன் வாங்கியே நடத்தியது. தோற்ற நாட்டிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. போர் வெடித்த சில நாட்களிலேயே மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள், கடைகளில் சில்லறை இல்லை. எல்லையோர ஊர்கள் அப்போதே சின்னச் சின்னத் தாள்களை அடித்துச் சமாளித்தன. பிறகு நிக்கலும் செம்பும் ஆயுதத்துக்குப் போக, துத்தநாகத்திலும் இரும்பிலும் உள்ளூர்க் காசு வந்தது. 1918 இறுதியில் நாடே கலங்கி நின்றபோது ரைக்ஸ்பாங்க்கே நகராட்சிகளிடம் நீங்களும் அச்சடித்து உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ஆக, ஊர் தன் பெயரில் பணம் அடிப்பது 1923-க்குள் எல்லாருக்கும் பழகிப்போன காரியம்.

1920 முதல் 1922 வரை இதில் ஒரு வேடிக்கையான கட்டம் உண்டு. சேகரிப்பாளர்கள் இந்தத் தாள்களை ஆசையோடு வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் சின்ன ஊர்கள்கூட வண்ண வண்ணமாகத் தொடர் தொடராக அச்சடித்தன. ஹாமல்ன் ஊரின் நோட்டில் எலிகளை ஊதலால் இழுத்துப் போன குழலூதி இருப்பான். சாக்சனியில் மைசன் பீங்கான் ஆலை பழுப்பு நிறச் சுட்டமண்ணில் காசே செய்தது. சேகரிப்பவர் ஆல்பத்தில் வைத்துக்கொள்வாரே ஒழிய திரும்பக் கொண்டுவந்து மாற்ற மாட்டார், ஆகவே வந்த தொகை முழுக்க ஊருக்கு வருமானம். 1922 ஜூலை 17-ம் தேதிச் சட்டம் இதற்குத் தடை போட்டது. நிதியமைச்சரின் அனுமதி இல்லாமல் யாரும் பணம் அடிக்கக் கூடாது, அடிப்பவர் ஈடு கட்ட வேண்டும் என்றது. ஆனால் அந்த இலையுதிர் காலத்திலேயே மறுபடி நோட்டுத் தட்டுப்பாடு, மறுபடி அனுமதி.

பீலெஃபெல்ட்: பட்டில் பணம்

இந்தக் கதையில் ஒரு ஊரிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கும் பீலெஃபெல்ட். அது நெசவு ஊர், லினன் துணிக்குப் பேர் போனது. நம் காஞ்சிபுரத்தைச் சொன்னால் பட்டு நினைவுக்கு வருவதுபோல ஜெர்மானியருக்கு பீலெஃபெல்ட் என்றால் லினன். அந்த ஊர்ச் சேமிப்பு வங்கியை நடத்தியவர் பவுல் ஹாங்கே. 1921-ல் அவர், ஊரில் நெய்யும் துணியிலேயே பணம் அச்சடித்தால் என்ன என்று முடிவெடுத்தார். பட்டில் அச்சடித்தார், லினனில் அச்சடித்தார், வெல்வெட்டில்கூட அச்சடித்தார்.

அந்தத் துணிப் பணம் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஊரின் கட்டடம், நெசவு, கதிர், மரம் என்று ஏதாவது ஒரு சித்திரம், அதைச் சுற்றி மதிப்பு. ஓரத்தில் கோடு என்று நினைப்பது கோடு அல்ல, எழுத்து. விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் அன்றைய சேதி, விலைவாசி, போர் இழப்பீடு பற்றிய கோபம் என்று வரிவரியாக ஓடும். செய்தித்தாளும் நாட்குறிப்பும் பணமும் ஒரே துண்டுத் துணியில். சிலவற்றுக்கு ஓரத்தில் சரிகைப் பின்னல் வைத்தும் விற்றார்கள்.

இதை வைத்து யாரும் கடையில் உருளைக்கிழங்கு வாங்கியிருக்க மாட்டார்கள், இது சேகரிப்பாளருக்கான சரக்கு என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஹாங்கேயின் காரியத்தை அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காகித மார்க் ஒன்றுக்கும் உதவாமல் போய்க்கொண்டிருந்தபோது அவர் வெளியிட்டதில் குறைந்தது துணி மிஞ்சியது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அதற்கு டாலரும் டச்சு கில்டரும் கொடுத்தார், அந்தக் காலத்தில் ஒரு ஊருக்கு அதைவிடப் பெரிய வரவு எதுவும் இல்லை. தன் ஊர் எதில் கைதேர்ந்ததோ அதையே பணமாக்கினார். இதே யோசனைதான் இரண்டு வருடம் கழித்து வேறு வடிவில் பெரிய நகரங்களுக்கு வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

1923 ஆகஸ்ட்: அச்சகம் நின்ற வாரம்

1923 ஜனவரி 11-ல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூருக்குள் நுழைந்தன. போரில் தோற்ற ஜெர்மனி இழப்பீடாகத் தர வேண்டிய நிலக்கரியும் மரமும் சரியாக வரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜெர்மன் அரசு ஒத்துழையாமை அறிவித்தது, சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள், அவர்களுக்கான சம்பளத்தை பெர்லின் கொடுத்தது. நாட்டின் நிலக்கரி, இரும்பு வருமானம் நின்றுபோய், லட்சக்கணக்கான பேருக்குச் சும்மா சம்பளம். அத்தனைக்கும் அச்சடித்த பணம்தான். அதிலும் ஆக்கிரமிப்புப் பகுதிக்கு நோட்டுப் பெட்டியை அனுப்புவதே பெரும்பாடு. வழியில் படையினர் பணத்தைப் பிடித்துக்கொண்ட சம்பவங்கள் பல. ஆகவே ரூரிலும் ரைன்லாந்திலும் உள்ளூர் பணம் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது என்ற நிலை வந்தது. கொலோன் நகராட்சி வெளியிட்ட நோட்டுகளில் மேயரின் கையெழுத்து இருக்கும். கொன்ராட் அடேனவர், இருபத்தாறு வருடம் கழித்து மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனாரே, அவர்தான்.

ஆகஸ்ட் 10-ம் தேதி பெர்லினில் அரசு அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நோட்டு அடிக்கும் யந்திரங்கள் நின்றன. இரண்டே நாளில் சான்சலர் குனோவின் அரசு விழுந்தது, அடுத்த சான்சலராக ஸ்ட்ரெஸமான் வந்தார். ஒரு அரசு கவிழ்வதற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அந்த வாரத்தில் ஒரு ஊரின் கருவூலத்தில் உட்கார்ந்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சம்பளம் போட வேண்டும். கணக்கில் பணம் இருக்கிறது, வங்கியில் கேட்டால் தாள் இல்லை என்கிறார்கள். சம்பளம் வாங்காமல் தொழிலாளி வீட்டுக்குப் போனால் சனிக்கிழமை விலை இன்னும் ஏறியிருக்கும், திங்கள்கிழமை அந்தச் சம்பளத்துக்குப் பாதி ரொட்டிதான். பக்கத்துத் தெருவில் செய்தித்தாள் அடிக்கும் அச்சகம் இருக்கிறது. அவர் வேறென்ன செய்வார்? அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. எண்களைப் பெரிய எழுத்தில் கோர்த்து, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, வரிசை எண் முத்திரையை அடித்து அன்றே விட்டார்கள். பல தாள்களுக்குப் பின்பக்கம் வெறுமை. ஏற்கெனவே அச்சடித்து வைத்த பழைய ஆயிரங்களின்மேல் லட்சம், கோடி என்று முத்திரை குத்தி விட்ட ஊர்களும் உண்டு.

வைமரில் துரிங்கியா மாநில வங்கிக்கு அந்த ஆகஸ்டில் நோட்டு வடிவமைத்துக் கொடுத்தவர் ஹெர்பர்ட் பாயர். பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் மாணவர், வயது 23. அதுவரை பணத்தாள் என்றால் கழுகு, கிரீடம், கொடிப் பின்னல் எல்லாம் இருக்கும், கள்ளநோட்டு அடிப்பவனுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று. பாயர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, வண்ணப் பட்டைமேல் தடித்த எழுத்தில் 'பத்து லட்சம்' என்று வைத்தார். அவசரத்தில் அச்சடிக்க அதுதான் தோது. நான்கு வாரத்தில் செத்துப்போகிற தாளைக் கள்ளமாக அடிக்க எவனும் மெனக்கெட மாட்டான் என்பதும் அந்தத் தாளில் தெரிகிறது.

சரி, கடைக்காரர் இதை ஏன் வாங்கினார்? வேறு வழியில்லை என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி: வெளியிட்டவரை அவருக்குத் தெரியும். தெருமுனையில் இருக்கும் நகராட்சி, தன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேலை செய்யும் ஆலை. நாளைக்கு வரி கட்டப் போனால் நகராட்சி தன் நோட்டையே வாங்கியாக வேண்டும். லுட்விக்ஸ்ஹாஃபென் ரசாயன ஆலையின் தாள் என்றால் அந்த ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். அதே தாளை நாற்பது மைல் தள்ளிக் கொண்டுபோனால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கழிவு கேட்பார் அல்லது வேண்டாம் என்பார். தெரிந்த பெயர் எட்டும் தூரம்வரைதான் அந்தப் பணம் செல்லும்.

இரவில் யார் வைத்திருந்தார்கள்

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். நோட்கெல்ட் ஊரைக் காப்பாற்றியது என்று ஒரு சாரார் சொல்வார்கள், நோட்கெல்ட்தான் பணவீக்கத்தைப் பெருக்கியது என்று இன்னொரு சாரார். இரண்டுமே நடந்தது. ஆனால் ஒவ்வொரு தாளும் ஒரு கடன் சீட்டு என்பதை இரு சாராரும் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அதில் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் சராசரியிலிருந்து அக்டோபர் சராசரிக்கு டாலர் சுமார் 255 மடங்கு ஏறியது. முப்பது நாளுக்கு அதைப் பரப்பினால் நாளொன்றுக்குச் சுமார் 20 விழுக்காடு. அதாவது சாயங்காலம் பையில் வைத்த பணத்தில் ஆறில் ஒரு பங்கு காலையில் இருக்காது. இப்போது ஒரு ஆலை வெள்ளிக்கிழமை தன் தாளில் சம்பளம் போடுகிறது. தொழிலாளி ரொட்டிக் கடையில் கொடுக்கிறார், ரொட்டிக் கடைக்காரர் மாவு வியாபாரியிடம் கொடுக்கிறார், அவர் வங்கியில் கட்டுகிறார், பத்தாம் நாள் அந்தத் தாள் ஆலைக்குத் திரும்புகிறது. ஆலை எழுதிய தொகையை ஒரு மார்க் குறையாமல் கொடுக்கிறது. ஆனால் பத்து நாளில் அந்தத் தொகையின் மதிப்பு ஆறில் ஒன்றாகிவிட்டது. ஆலை வாங்கிய உழைப்பு ஆறு, கொடுத்தது ஒன்று. மீதி ஐந்தும் யார் யார் கையில் எத்தனை இரவு தங்கியதோ அவர்களிடமிருந்து போனது.

சட்டப்படி அனுமதி வாங்கி ஈடு கட்டியவர்களுக்கு இந்த லாபம் அப்படியே கிடைக்காது, ஏனென்றால் முன்பணமாகக் கட்டிய மார்க்கும் கரையும். அனுமதி இல்லாமல் அடித்தவருக்கோ அந்தத் தொல்லையும் இல்லை. வசதியுள்ளவர்கள் காலையில் பணம் வந்தால் மதியத்துக்குள் டாலராகவோ பியானோவாகவோ மாற்றிவிட்டார்கள். ரைக்ஸ்பாங்க்கின் வட்டி விகிதமே செப்டம்பர் நடுவில் ஆண்டுக்கு 90 விழுக்காடு, பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் நாளுக்கு 20 விழுக்காடு கரையும் பணத்தில் ஆண்டுக்கு 90 விழுக்காட்டுக்குக் கடன் கிடைக்கிறது என்றால் அது கொடை. அந்தக் கடன் கிடைத்தது பெரிய நிறுவனங்களுக்கு. மாதம் ஒருமுறை ஓய்வூதியம் வாங்கும் முதியவருக்கு, போரில் கணவனை இழந்தவளுக்கு, ஒரு வாரம் கழித்துக் கூலி வாங்கும் வீட்டு வேலைக்காரிக்கு அப்படி ஒரு கதவும் திறக்கவில்லை. நகராட்சி அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வெள்ளிக்கிழமைச் சம்பளத்தைக் காப்பாற்றினார், அது பெரிய காரியம். அதற்கான செலவை மட்டும் தாங்கவே முடியாதவர்கள் தாங்கினார்கள்.

ஹாம்பர்க்: டாலரில் பத்தில் ஒரு பங்கு

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. எழுதிய தொகை கரையாத பணமாக வெளியிட்டால் இரவு வைத்திருப்பவருக்கு நஷ்டம் கிடையாது. ஓல்டன்பர்க் மாநிலம் 1922-லேயே கோதுமையைப் போன்ற தானியமான ரை எடையில் கடன் பத்திரம் விட்டது. மார்க்கைப் பற்றிப் பேச்சே இல்லை, இத்தனை கிலோ ரையின் அன்றைய விலை தருகிறோம் என்று எழுத்து. அதைப் பார்த்து மரம், நிலக்கரி, மின்சார யூனிட் என்று வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவை. பீலெஃபெல்ட் ஹாங்கே துணியில் பார்த்ததை இவர்கள் எடையிலும் அலகிலும் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஹாம்பர்க் துறைமுக நகரம், வெளிநாட்டு வணிகம் செய்கிறவர்களிடம் பவுண்டும் டாலரும் இருந்தன. 1923 அக்டோபரில் அங்குள்ள வங்கிகளும் வணிகர்களும் சேர்ந்து 'ஹாம்பர்க் வங்கி 1923' என்று ஒன்றைத் தொடங்கி, அந்நியச் செலாவணியை ஈடாக வைத்து, தங்க மார்க் கணக்கில் தாள் விட்டார்கள். அந்த மாதம் 23-ம் தேதி அதே நகரில் கம்யூனிஸ்ட் எழுச்சி வெடித்து, காவல் நிலையங்களைப் பிடிக்கச் சண்டை நடந்தது. ஊர் அந்த அளவுக்குப் பசியில் இருந்தது. கரையாத பணம் வந்த பிறகுதான் விவசாயிகள் சரக்கைத் தயங்காமல் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

அக்டோபர் இறுதியிலிருந்து இப்படிப்பட்ட நிலைமதிப்பு நோட்டை மற்ற நகரங்களும் ரயில்வேயும் விட்டன. அரசு ஆகஸ்டில் வெளியிட்ட தங்கக் கடன் பத்திரத்தை ஈடாக வைத்தால் அனுமதி. அந்தத் தாள்களில் வரும் எண்கள் முதலில் பார்க்கிறவருக்கு விசித்திரமாக இருக்கும்: 42 தங்க ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்), 1.05 தங்க மார்க், 2.10, 4.20. பக்கத்திலேயே டாலரில் பத்தில் ஒன்று, கால், அரை, ஒன்று என்று எழுதியிருக்கும். டாலருக்கு 4.20 என்ற 1914-ன் விகிதத்தை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். ஒன்பது வருடத்து அழிவைத் தாண்டிப் பழைய அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல அந்தச் சின்னத் தாள் எனக்குத் தெரியும்.

நவம்பர் 22: கதவு சாத்தப்பட்டது

நவம்பர் 15-ல் ரென்டன்மார்க் வந்தது. நாட்டின் நிலத்தையும் தொழிலையும் ஈடாகக் காட்டிய புதுப் பணம், 320 கோடிக்கு மேல் வெளியிடக் கூடாது என்ற வரம்போடு. ஒரு ரென்டன்மார்க் ஒரு லட்சம் கோடி காகித மார்க்குக்குச் சமம். நாணய ஆணையராக நியமிக்கப்பட்ட ஹ்யால்மர் ஷாக்ட், நிதியமைச்சகத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த ஓர் இருட்டறையில், ஒரு செயலாளரை மட்டும் வைத்துக்கொண்டு தொலைபேசியில் வேலை பார்த்தார். ஹாவன்ஸ்டைன் நவம்பர் 20-ல் இறந்துபோனார், அன்றுதான் மார்க்கும் 4.2 லட்சம் கோடியில் நின்றது.

ஆனால் ரென்டன்மார்க் அடித்தால் மட்டும் போதுமா? அதுவரை ரைக்ஸ்பாங்க் ஊர்களின் நோட்கெல்டை வாங்கி முழுத் தொகைக்குக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தது. அதாவது நகராட்சியும் ஆலையும் விட்ட தாளை மைய வங்கியே தன் பணமாக மாற்றிக் கொடுத்தது. மையத்தின் யந்திரத்தை நிறுத்தினாலும் ஆயிரக்கணக்கான உள்ளூர் யந்திரங்கள் இந்தக் கதவு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். நவம்பர் 22 முதல் நோட்கெல்ட் வாங்க மாட்டோம் என்று ரைக்ஸ்பாங்க் அறிவித்தது. வெளியிட்டவர்கள் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அடிப்பதையும் நிறுத்த வேண்டும்.

மற்ற இடங்களில் இது வலித்தது, கொலோனில் இது மூச்சை நிறுத்துவதுபோல இருந்தது. காரணம், ஆக்கிரமிப்புப் பகுதிக்குள் ரென்டன்மார்க் புழங்க அப்போது அனுமதி இல்லை. இருக்கும் உள்ளூர் பணம் செல்லாது, புதுப் பணம் வராது. நவம்பர் 25-ல் ஷாக்ட் கொலோனுக்கே போய், கொதித்துப்போயிருந்த வணிகர்களையும் நகராட்சிக்காரர்களையும் நேரில் சந்தித்தார். பின்வாங்கவில்லை. அந்த நாட்களில் கொலோன் திறந்த சந்தையில் டாலர் 11 லட்சம் கோடி மார்க்குக்கும் மேலே போயிற்று, அரசு விலை 4.2-தான். கடனுக்கு மார்க் வாங்கி டாலரைப் பிடித்து வைத்தவர்கள், நோட்கெல்டை மாற்றவும் முடியாமல் புதுக் கடனும் கிடைக்காமல் தவணைக்கு டாலரை விற்க வேண்டி வந்தது. டிசம்பர் 10 வாக்கில் கொலோன் விலையும் 4.2-க்கு இறங்கிவிட்டது.

ஷாக்ட் என்ற மனிதரின் பிற்கால வரலாறு, ஹிட்லர் அரசில் அவர் வகித்த பதவிகள், எல்லாம் வேறு கணக்கு, அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த நவம்பர் முடிவு சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். கொலோன்காரர்கள் கோபப்பட்டதும் சரி. அவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் ஏதாவது இடைக்கால வழி செய்திருக்கலாம்.

யாருக்கு என்ன மிஞ்சியது

நிலைமதிப்பு நோட்டுகளை 1924-ல் வெளியிட்டவர்களே மீட்டுக்கொண்டார்கள், எழுதிய மதிப்பு கிடைத்தது. லட்சம், கோடி, லட்சம் கோடி போட்ட தாள்களைக் கொண்டுவந்தவருக்கு லட்சம் கோடிக்கு ஒரு ரென்டன்மார்க் கணக்கில் கொடுத்தார்கள். ஒரு ரென்டன்மார்க்குக்குக் குறைவாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் பலர் மாற்றவே போகவில்லை. அதனால்தான் இன்றும் அந்தத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன, நானும் மலிவாக வாங்க முடிந்தது. ரைக்ஸ்பாங்க் வெளியிட்டதிலேயே பெரிய நோட்டு 1924 பிப்ரவரி 15 தேதியிட்டது, நூறு லட்சம் கோடி மார்க். நம் கணக்கில் சரியாகக் கோடி கோடி. அன்றைக்கு அதன் மதிப்பு நூறு ரென்டன்மார்க்.

அரசுக்கு மிஞ்சியது இது: போருக்காக மக்களிடம் வாங்கிய உள்நாட்டுக் கடன் 15,400 கோடி மார்க். லட்சம் கோடியால் வகுத்தால் 15.4 ஃபெனிக். ஒரு மார்க்கில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத தொகையில் நாட்டின் போர்க்கடன் தீர்ந்துபோனது. பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த ஆசிரியரும் தபால்காரரும் விதவையும் கொடுத்த பணம் அது. அவர்கள் பல வருடம் போராடிய பிறகு 1925 ஜூலையில் வந்த மறுமதிப்பீட்டுச் சட்டம் அடமானக் கடன்களுக்கு 25 விழுக்காடும், சேமிப்புக் கணக்குகளுக்கு குறைந்தது 12.5 விழுக்காடும் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1923 அக்டோபரில் கூலியாகக் கைக்கு வந்து இரவில் கரைந்த பணத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.